ஒரு பித்தளை உறையின் வரலாறு

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, சங்கப் பாடல்களில் படைக்கலங்கள் என்னும் பொருளில் எழுதுவதாகவே ஒப்புக்கொண்டேன். வேல், வாள், வில் பற்றிய குறிப்புகளைத் தொகுக்கத் தொடங்கிய நிலையில் ஒரு வினா குறுக்கிட்டது. எய்த அம்பு விழுந்த பின் அதைப் பொறுக்கியவர் யார்? அதன் முனையை மீண்டும் தீட்டியவர் யார்? புலவர்கள் வீரனைப் பாடினர். அரிதாகக் கொல்லனையும் நினைந்தனர். களத்தில் சிதறிக் கிடந்தவற்றைக் குனிந்து பொறுக்கிய கைகளைப் பாடியவர் அரியர். இந்த எண்ணம் என்னைப் புறநானூற்றிலிருந்து வெகு தொலைவுக்கு, என் சிறுவயது வீட்டின் பூசை அறைக்கு அழைத்துச் சென்றது.

அந்த அறையின் மாடத்தில், குத்துவிளக்கிற்குப் பக்கத்தில், விரல் நீளத்தில் பித்தளைக் குப்பி ஒன்று இருந்தது. அதனுள் என் பாட்டியார் விளக்குத் திரிகளைச் செருகி வைத்திருப்பார். அது இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாகப் பணியாற்றிய என் பாட்டனார் கொணர்ந்த வெற்றுத் தோட்டா. பேச்சு வழக்கில் காலித் தோட்டா என்போம். அதன் அடிப்பாகத்தில் கே, எஃப் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் 43 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் விளக்குகளோடு அதுவும் புளியிட்டுத் துலக்கப்பட்டுப் பொன்போல் மின்னும். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் சீழ்க்கை ஒலி எழும். அதற்காக நான் பலமுறை வசவு வாங்கியிருக்கிறேன்.

பயிற்சித் திடலில் சுட்டு முடித்ததும் வெற்றுறைகளை எல்லாம் எண்ணித் திருப்பித் தரவேண்டும், ஒன்று குறைந்தாலும் அணி முழுவதும் புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடவேண்டும் என்று பாட்டனார் சொல்வார். அப்படியானால் இந்த ஒன்று வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பாரேயொழிய விடை சொல்லமாட்டார். அவர் மறைந்தபின் பழைய பாத்திரங்களோடு அதுவும் எடைக்குப் போய்விட்டது. வேண்டாமென்று தடுக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு பேரரசு தன் சிப்பாய் சுட்ட வெற்றுப் பித்தளையை ஏன் எண்ணிக் கணக்கு வைத்தது? அவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

தாளிலிருந்து தகட்டிற்கு

தோட்டா என்னும் சொல் உருதுவழி தமிழுக்கு வந்தது. இச்சொல்லைக் கேட்டவுடன் நாம் பாய்ந்து செல்லும் ஈயக்குண்டை நினைக்கிறோம். உண்மையில் தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: முன்னே குண்டு, நடுவே மருந்து, பின்னே தட்டினால் தீப்பொறி தரும் கேப்பு, இம்மூன்றையும் ஒன்றாக ஏந்தி நிற்கும் உறை. குண்டு பறந்து போகிறது. மருந்து எரிந்து போகிறது. கேப்பு வெடித்துப் பயனற்றுப் போகிறது. எஞ்சுவது உறை ஒன்றே.

தொடக்கத்தில் இவ்வுறை தாளால் ஆனது. 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கிக்குரிய தாள் தோட்டாவைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை வைத்துக் கோலால் இடிக்கவேண்டும். தாளின் குண்டுப் பகுதிக்குக் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டமில் 1857 சனவரியில், ஒரு தொழிலாளி சிப்பாய் ஒருவரிடம் குடிக்க நீர் கேட்டதாகவும், சாதி காட்டி மறுக்கப்பட்டபோது, பசு பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி ஏது என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும் அக்கால ஆவணங்கள் கூறுகின்றன. மார்ச்சு 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10-இல் பெரும் எழுச்சி வெடித்தது. எழுச்சிக்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுக்கு வடிவம் தந்தது ஒரு தாளுறை என்பது மறுக்கவியலாதது.

அந்த எழுச்சிக்குப் பின் பத்தாண்டுக்குள் தாளுறையின் காலம் முடிந்தது. இதற்குக் காரணம் சமய உணர்வன்று, தொழில்நுட்பம். குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை இடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. இவற்றில் ஒரு பெரும் இடர்ப்பாடு இருந்தது. திறந்து மூடும் இடத்தின் இடுக்கு வழியே தீயும் புகையும் சுடுபவன் முகத்தில் பீறிடும். எவ்வளவு நுட்பமாக அந்தக் கதவைச் செய்தாலும் இடுக்கு முற்றிலும் அடைபடவில்லை. உலோக உறையே இதற்குத் தீர்வாயிற்று. மருந்து எரியும் கணத்தில் பித்தளை உறை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி இடுக்கை அடைத்துவிடும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி எளிதில் வெளிவரும். விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும், கிழியவும் கூடாது. இந்த மூன்று பண்பும் ஒருங்கே வாய்த்த உலோகமாகப் பித்தளை அமைந்தது.

ஒரே அளவு, மூன்று துப்பாக்கிகள்

பிரிட்டிஷ் அரசு சிக்கனம் கருதிப் பழைய என்ஃபீல்டு துப்பாக்கிகளைத் தூக்கி எறியவில்லை. அமெரிக்கரான ஜேக்கப் ஸ்னைடர் கண்ட முறைப்படி அவற்றின் பின்புறத்தை வெட்டிக் கதவு பொருத்தி, 1866-இல் புதிய படைக்கலமாக ஏற்றது. குழல் அதே குழல். அதன் உள்விட்டம் அதே 0.577 அங்குலம். இதற்கான உறையை வடிவமைத்தவர் ஊல்விச் படைக்கலச்சாலையின் ஆய்வுக்கூடத் தலைவராக இருந்த எட்வர்டு பாக்சர். தாள்போன்ற மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு ஒன்றைப் பொருத்தி அவர் உறை அமைத்தார். வெற்றிலைச் சுருளை ஒத்த அமைப்பு எனலாம்.

1871-இல் மார்ட்டினி-ஹென்றி என்னும் துப்பாக்கி வந்தது. மார்ட்டினியின் இயக்க அமைப்பும் எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் ஹென்றியின் குழலும் இணைந்தமையால் இப்பெயர். இதன் குழல் 0.450 அங்குலமாகச் சிறுத்தது. குழல் சிறுத்தால் தேவையான மருந்தைக் கொள்ள உறை நீளவேண்டும். நீண்ட உறை எளிதில் வளையும். துப்பாக்கியின் அறைக்கும் பொருந்தாது. எனவே பழைய ஸ்னைடர் உறையின் பருமனை அடியில் அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் 0.450-க்கு ஒடுக்கினர். குடத்தின் வயிறும் கழுத்தும் போன்ற வடிவம் கிடைத்தது. இதனாலேயே இத்தோட்டாவுக்கு 577/450 என இரட்டை எண் பெயராயிற்று. ஏறத்தாழ ஐந்தரை கிராம் கருமருந்தும் 31 கிராம் ஈயமும் தாங்கிய இந்த உறையே ஒரு தலைமுறைக் காலம் பிரிட்டிஷ் பேரரசின் படைபலமாக விளங்கியது.

ஆனால் சுருட்டிய தகட்டுக்குக் குறை இருந்தது. தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறினால் மெல்லிய தகடு அறையில் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி அடிப்பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு வர, மீதி உள்ளேயே தங்கிவிடும். அந்த வீரனின் கையில் இருப்பது அதன்பின் ஒரு தடியே. சூடான் பாலைவனத்தில் 1885 சனவரி 17-இல் அபு கிளேயா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் வெப்பமும் மணலும் சேர்ந்து பல துப்பாக்கிகள் இவ்வாறு அடைபட்டன. பெரும் கண்டனம் எழுந்தது. சுருட்டிய உறைக்கு மாற்றாக, ஒரே துண்டுத் தகட்டிலிருந்து இழுத்துச் செய்த திண்ணிய உறை இந்தக் காலத்தை ஒட்டியே நிலைபெற்றது.

பித்தளையின் இயல்பு

இழுத்துச் செய்யும் முறையை நம் பாத்திரத் தொழிலாளர் எவரும் எளிதில் உணர்ந்துகொள்வர். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த தகட்டிலிருந்து வட்டத் துண்டு வெட்டப்படும். அழுத்தும் பொறி அதனைச் சிறு கிண்ணமாக்கும். பின் அக்கிண்ணம் ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகளின் வழியே படிப்படியாகத் தள்ளி நீட்டப்படும். ஒவ்வொரு முறையும் பித்தளை இறுகிக் கெட்டிப்படும். அப்படியே மேலும் இழுத்தால் வெடிக்கும். எனவே ஒவ்வொரு படியிலும் நெருப்பில் காய்ச்சி இளக்கி, அமிலத்தில் கழுவி, மறுபடி இழுக்கவேண்டும். கும்பகோணத்தில் குடம் அடிக்கும் தொழிலாளி தட்டுவதும் காய்ச்சுவதும் மாறி மாறிச் செய்வது இதே உண்மையை அறிந்துதான். அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும் என்பதே பித்தளையின் இயல்பு.

இறுதியில் உறையின் அடி கெட்டியாகவும் வாய் இளகியும் இருக்கவேண்டும். அடி இளகினால் கேப்பு கழன்று தீ பின்னே பாயும். வாய் இறுகினால் சில முறை சுட்டவுடன் பிளந்துவிடும். விரல் நீளமுள்ள ஒரே பொருளில் இரு முனைகளுக்கு இருவேறு பண்பு ஊட்டும் இந்த நுட்பமே தோட்டா உறைத் தொழிலின் உயிர். துப்பாக்கிக் குழலை அரமும் துளைக்கோலும் பொறுமையும் கொண்ட கொல்லன் ஒருவன் தன் பட்டறையில் செய்துவிடலாம். ஆனால் ஒரே அளவில் ஆயிரம் உறைகள் வேண்டுமெனில் உருட்டாலை, அழுத்துபொறி, உலை, அளவுகோல் என ஒரு தொழிற்சாலையே வேண்டும். பின்வரும் வரலாற்றுக்கு இவ்வேறுபாடே அடிப்படை.

இந்தியாவின் மழைக்காலம் இவ்வுறைகளுக்கு ஒரு வியப்பான நோயைத் தந்தது. மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறையும். அப்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், எவரும் தொடாமலேயே பல உறைகள் கழுத்தில் விரிசல் கண்டிருந்தன. பருவத்தோடு வந்தமையால் இதற்குப் பருவ விரிசல் என்றே பெயரிட்டனர். 1921-இல் மூர் முதலிய ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி, இழுக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைப் பற்றிக்கொண்டு அதனைப் பிளக்கிறது. செய்து முடித்த உறையை மிதமாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தணித்துவிட்டால் விரிசல் வராது. உலோகவியல் மாணவர்கள் இன்றும் பயிலும் ஒரு பாடம் நம் நாட்டின் மழையிலும் குதிரை லாயத்திலும் தொடங்கியது என்பது நினைக்கத்தக்கது.

வெற்றுறைக் கணக்கு

இனி முதல் வினாவுக்கு வருவோம். வெற்றுறையை ஏன் எண்ணினர்?

பித்தளை விலையுள்ள உலோகம், திருப்பினால் உருக்கிப் பயன்படுத்தலாம் என்பது வெளிப்படையான விடை. அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. 1857-க்குப் பின் ஆட்சியாளர் ஒரு பாடம் கற்றனர். இந்தியச் சிப்பாயின் கையில் உள்ள துப்பாக்கி பிரிட்டிஷ் வீரனின் துப்பாக்கியைவிட எப்போதும் ஒரு படி தாழ்ந்திருக்கவேண்டும் என்பதே அது. எழுச்சியை அடுத்து, என்ஃபீல்டைப் போலவே தோன்றும், ஆனால் குழலின் உட்புறப் புரிகள் இல்லாத துப்பாக்கிகள் சிப்பாய்களுக்கு வழங்கப்பட்டன. குறி தவறாமல் தொலைவில் சுடும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பிரிட்டிஷ் வீரன் மார்ட்டினி-ஹென்றியை ஏந்தியபோது இந்தியச் சிப்பாய் ஸ்னைடரை ஏந்தினான். பிரிட்டிஷ் வீரன் 0.303 அங்குலத் துப்பாக்கிக்கு மாறிய பின்னரே மார்ட்டினி-ஹென்றி இந்தியப் படைகளில் பரவியது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த படைக்கலச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது.

துப்பாக்கியைச் சட்டத்தால் தடுக்கலாம். களவையும் கொல்லனின் கைத்திறனையும் சட்டத்தால் தடுக்க இயலுமோ? வடமேற்கு எல்லைப்புறத்தில் இயலவில்லை. 1897 ஆகஸ்டில் கைபர் கணவாயின் காவல் கோட்டைகள் அப்ரிதி மக்களின் கையில் வீழ்ந்தபோது துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அவர்கள் வசமாயின. கோகாட்டுக் கணவாயை ஒட்டிய தர்ரா ஆதம் கேல் என்னும் ஊரின் கொல்லர்கள் மார்ட்டினி-ஹென்றியை அப்படியே படியெடுத்தனர். அரசு முத்திரையையும் விடாமல் பொறித்தனர். சில துப்பாக்கிகளில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாக இருப்பதைக் கொண்டே அவை போலி என அறியமுடிகிறது. குழலைச் செய்தார்கள், பூட்டைச் செய்தார்கள், கட்டையைச் செதுக்கினார்கள். உறைதான் அவர்களுக்கு எளிதில் கைவரவில்லை. எனவே களத்தில் சிதறிய வெற்றுறைகள் விலைமதிப்புப் பெற்றன. அவற்றைத் திரட்டி, நெளிவு நீக்கி, கேப்பு மாற்றி, கருமருந்தும் ஈயமும் நிரப்பி மறுபடி பயன்படுத்தினர். அரசு ஒரு வெற்றுறையைக் களத்தில் விட்டுவந்தால், அது மற்றொரு நாள் குண்டாகத் திரும்பி வரும். என் பாட்டனார் புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடியதன் பின்னணியில் இந்த அச்சமும் இருந்தது என்று எண்ணுகிறேன்.

அந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு விந்தையான சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யானை, காட்டெருமை வேட்டைக்கு ஐரோப்பிய வேட்டையாளர்கள் விரும்பிய பெருந்துப்பாக்கி 0.450 அங்குலமாக இருந்தது. மார்ட்டினி-ஹென்றியின் குழலும் அதே அளவு. வேட்டைத் தோட்டாவின் பகுதிகள் கலகக்காரரின் மார்ட்டினிக்கு உதவிவிடுமோ என்று அஞ்சிய அரசு, 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவுத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. லண்டன் துப்பாக்கி வணிகர்கள் தம் முதன்மைச் சந்தையை இழக்க விரும்பவில்லை. ஆளுக்கொரு புதிய அளவோடு களமிறங்கினர். ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தின் 0.465, ஜோசப் லாங்கின் 0.470, ஜெஃப்ரியின் 0.475 என ஒரு வரிசையே முன்வந்தது. வேட்டை விலங்குகள் மாறிவிடவில்லை. ஆற்றலிலும் பெரிய வேறுபாடு இல்லை. வெவ்வேறு அளவுகள் தோன்றியதற்கு இயற்பியல் காரணமன்று. ஒரு பேரரசின் அச்சமே காரணம். பின்னாளில் உறை கிடைக்காமல் உலகெங்கும் துப்பாக்கிக்காரர்கள் அலைந்து தேடும் அரிய அளவுகள் பல இவ்வாறு சட்டத்தின் வயிற்றில் பிறந்தவை.

இன்னொரு சான்று நம் காலத்துக்கு அருகில் உள்ளது. படைக்குரிய 0.303 அளவு பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டதனால், உரிமம் பெற்றவர்க்கெனத் தனியான அளவு ஒன்று வேண்டியிருந்தது. ஆஸ்திரிய நாட்டின் மேன்லிக்கர் துப்பாக்கிக்குரிய பழைய உறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 0.315 என்னும் பெயரில் இந்தியாவில் நிலைபெற்றது. பிறந்த நாட்டில் மறைந்துபோன ஓர் உறை இந்திய விடுதலைக்குப் பின்னும் இந்தியத் தொழிற்சாலைகளில் வாழ்ந்தது. ஆட்சி மாறினும், படையின் உறையும் குடிமகனின் உறையும் ஒன்றாகக் கூடாது என்னும் கொள்கை மாறவில்லை.

தமிழகத்தின் பங்கு

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தாள் தோட்டாவின் புரளி கிளம்பிய அதே டம்டமில் பிற்காலத்தில் உலோகத் தோட்டாக்கள் செய்யப்பட்டன. 1890களில் அங்குச் செய்யப்பட்ட, உடலுள் புகுந்தவுடன் விரிந்து பெருங்காயம் உண்டாக்கும் குண்டு, அவ்வூரின் பெயரை உலக அகராதிகளில் ஏற்றியது. 1899-இல் ஹேக் மாநாட்டின் அறிவிப்பு அத்தகைய குண்டைத் தடை செய்தது. புனேயை அடுத்த கிர்க்கியில் 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரையே என் பாட்டனாரின் குப்பியில் இருந்த கே, எஃப் என்னும் எழுத்துகள். அவ்வுறைகளை நிரப்பத் தேவைப்பட்ட, புகை குறைந்த கார்டைட் மருந்துக்காக நீலகிரி மலையில் அருவங்காட்டில் தொழிற்சாலை நிறுவப்பட்டது, ஆண்டு 1903. ஆக, என் பாட்டியார் திரி வைத்த குப்பியில் ஒரு காலத்தில் இருந்தது நீலகிரியின் மருந்தாகவும் இருந்திருக்கலாம்.

மற்றொரு தொடர்பு வேட்டை இலக்கியத்தினது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், இன்றைய கிருட்டினகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கதைகளைப் பலரும் படித்திருப்போம். சவளகிரிப் புலியின் கதை அவற்றுள் புகழ்பெற்றது. அவர் கையில் இருந்தது 0.405 அங்குல வின்செஸ்டர் துப்பாக்கி. 1904-இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த அளவு, பெரிதும் பரவாமல், 1950களின் நடுவில் தோட்டா உற்பத்தியும் நின்று அருகிப்போயிற்று. நல்ல நிலையில் இருந்த துப்பாக்கிகள் உறையின்றிச் சுவரில் தொங்கின. விடாப்பிடியான சிலர் வேறு துப்பாக்கிகளின் நீண்ட உறைகளை வெட்டியும் ஒடுக்கியும் தமக்கு வேண்டியதைச் செய்துகொண்டனர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்க நிறுவனம் ஒன்று இத்தோட்டாவை மீண்டும் செய்யத் தலைப்பட்டது.

காத்மாண்டுக் குவியல்

மார்ட்டினி-ஹென்றியின் கதைக்குத் திரும்புவோம். பேரரசு அத்துப்பாக்கியைக் கைவிட்டபின் பல்லாயிரம் துப்பாக்கிகள் நேபாளத்திற்குச் சென்றன. நேபாளமும் தன் பட்டறைகளில் அதையொத்தவற்றைச் செய்துகொண்டது. கெகேந்திர சம்சேர் வடிவமைத்து அவர் பெயராலேயே வழங்கும் துப்பாக்கி அவற்றுள் ஒன்று. அதுவும் அதே 577/450 உறையையே ஏற்றது. காலம் கடந்தபின் இவையெல்லாம் காத்மாண்டில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில் தூசி படிந்து குவிந்து கிடந்தன. 2003-இல் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு அக்குவியலை விலைக்கு வாங்கிக் கடல்கடந்து கொண்டுசென்றன. நூற்றாண்டுக் களிம்பை நீக்கியபோது பல துப்பாக்கிகளின் குழல்கள் நல்ல நிலையில் இருந்தன. வரலாற்று ஆர்வலர் பலர் அவற்றை வாங்கினர். வாங்கியபின் எழுந்த வினா ஒன்றே: உறைக்கு எங்கே போவது?

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் சிறு நிறுவனங்கள் இவ்வுறையைச் செய்து விற்றன, விலை மிகுதி. எனவே ஆர்வலர்கள் தம் கையாலேயே செய்யத் தொடங்கினர். அவர்களுக்குக் கைகொடுத்தது பிரேசில் நாட்டில் வேட்டைக்காரருக்காகச் செய்யப்படும் பித்தளைத் தோட்டா. சிறு குண்டுகளைத் தெறிக்கவிடும் வேட்டைத் துப்பாக்கிக்குரிய 24-ஆம் எண் உறை அது. அதன் நீளத்தைச் சற்றே வெட்டிக் குறைத்து, வாய்ப்பகுதியைக் காய்ச்சி இளக்கி, படிப்படியாகச் சிறுக்கும் அச்சுகளில் அழுத்தினால் கழுத்து ஒடுங்கி மார்ட்டினி உறையின் வடிவம் பெறுகிறது. அவசரப்பட்டால் தோள் மடிந்து சுருங்கி உறை பாழாகும். பழகிய கை நிதானம் அறியும். சுட்டபின் கருமருந்தின் கரி உறையை அரிக்காதிருக்க உடனே நீரில் கழுவி, எலுமிச்சையின் புளிப்பைத் தரும் அமிலத்தில் ஊறவிடுகின்றனர். என் பாட்டியாரின் புளித் துலக்கலை இது எனக்கு நினைவூட்டியது.

ஏன் 24-ஆம் எண் உறை பொருந்தியது? இவ்வினாவின் விடையே இவ்வாராய்ச்சியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 24 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 0.58 அங்குலம். எண்ணால் குழலை அளக்கும் பழைய முறை இது. 1853-இன் என்ஃபீல்டும் அம்முறையில் வளர்ந்த அளவே. தாளுறையைக் கடிக்க மறுத்த மீரட்டு வீரர்களின் காலத்து அளவு ஸ்னைடரின் சுருட்டுறைக்குச் சென்றது. அங்கிருந்து மார்ட்டினியின் குட உறைக்கு வயிறாயிற்று. மறுபுறம் அதற்கு இணையான அளவு வேட்டைத் துப்பாக்கி வழியாகத் தனியே வாழ்ந்து பிரேசிலை அடைந்தது. பிரிந்த இரண்டும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஓர் ஆர்வலரின் மேசைமேல் சந்தித்துக்கொண்டன. தொல்காப்பிய விதி ஒன்று வழக்கொழிந்து, எங்கோ ஒரு சிற்றூர்ப் பேச்சில் உயிரோடிருப்பதைக் கண்டால் எத்தகைய மகிழ்ச்சி உண்டாகுமோ அத்தகைய மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

நிறைவாக

போர்க்கருவியைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த உறைகளிலிருந்து புறப்பட்ட ஈயம் எத்தனை உயிரைக் குடித்தது என்பதை மறந்தவள் அல்லேன். வரலாற்றைப் படிக்கும் முறை பற்றியே என் கவலை. நாம் வெற்றி பெற்றவன் பெயரையும் அவன் ஏந்திய படைக்கலத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு மேலே நடந்துவிடுகிறோம். கருவியை வைத்திருப்பவன் அதன் உரிமையாளன் என நம்புகிறோம். பித்தளை உறை வேறொன்றைச் சொல்கிறது. துப்பாக்கியை வழங்கிய அரசு உறையைத் தன் கைப்பிடியில் வைத்திருந்தது. உறையை நிறுத்தினால் துப்பாக்கி இரும்புத் தடி. அளவை மாற்றினால் நேற்றைய உறை வெறும் குப்பை. சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுத்து நம்பிக்கையைக் காட்டிய ஆட்சி, வெற்றுறையை எண்ணி வாங்கி அவநம்பிக்கையைக் காட்டிற்று. முன்னது அணிவகுப்பில் தெரியும். பின்னது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே தெரியும். வரலாற்று மாணவர் இரண்டையும் புரட்டிப் பார்க்கவேண்டும்.

அதேபோல், ஆட்சி கைவிட்ட பின்னும் உறை அழிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. எல்லைப்புறக் கொல்லனும் இன்றைய ஆர்வலரும் நோக்கத்தால் வேறுபட்டவர்கள். ஒருவனுக்கு அது உயிர்ப் போராட்டம். மற்றவருக்கு அது ஓய்வுநேர ஈடுபாடு. ஆயினும் இருவரும் செய்தது ஒன்றே. கிடைத்த பித்தளையைக் காய்ச்சி இளக்கித் தமக்கு வேண்டிய வடிவுக்குக் கொணர்ந்தனர்.

என் பாட்டனார் அந்த ஒற்றை உறையை எப்படிக் கொணர்ந்தார் என்பதை இனி அறிய வழியில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்த நாளில் அவரும் தோழர்களும் திடலில் எவ்வளவு நேரம் தேடினர், அல்லது தேடுவதுபோல் பாவனை செய்தனர் என்பதையும் அறியேன். பேரரசின் கணக்கிலிருந்து தப்பிய ஒரு பித்தளைத் துண்டில் அவர் மனைவி திரி வைத்து விளக்கேற்றினார் என்பது மட்டும் உறுதி. அதை எடைக்குப் போட்ட நாளில் நான் வீட்டில்தான் இருந்தேன். தராசுக்காரர் அதைத் தனியே எடுத்துப் பார்த்து, நல்ல பித்தளை என்று சொன்னார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.